பேசும் சிலந்தி, பேசாத பொய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்கு ஏழு வயது. விலங்குக் கதை என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். காக்கையும் நரியும் பேசுகிற புத்தகங்களையே கொடுத்துக்கொண்டிருந்தால் எது நிஜம் என்று பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடும், தகவல் புத்தகம் வாங்கு என்கிறார் என் கணவர். வாங்கினேன். வழவழ தாள், நல்ல புகைப்படங்கள். ஐந்து நிமிடம் புரட்டிவிட்டு மூடிவிட்டான். இப்போது இரவுகளில் 'சார்லட்ஸ் வெப்' நாவலைத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்துக் காட்டுகிறேன். சிலந்தி சாகும் இடம் வந்தபோது எனக்கு மனம் வரவில்லை. அது வேறு ஊருக்குப் போய்விட்டது என்று முடித்துவிட்டேன். விலங்குகள் பேசும் கதைகளைத் தொடரலாமா? நான் செய்தது சரியா?

க., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள க.,

தாராளமாகத் தொடரலாம். காக்கை பேசாது என்று ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். கதைக்குள் அது பேசும் என்பதும் தெரியும். இரண்டையும் அவன் குழப்பிக்கொள்வதில்லை, பெரியவர்கள்தான் பயப்படுகிறோம். பிள்ளைகள் ஏமாறுவது வேறு இடத்தில்.

1903-இல் அமெரிக்காவில் இதைப் பற்றி ஒரு பெரும் சண்டை நடந்தது. வில்லியம் ஜே. லாங் என்ற பாதிரியார் விலங்குகளைப் பற்றி எழுதிய நூல்களைப் பள்ளிப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய விலங்குகள் பேசுவதில்லை. எல்லாம் கண்ணால் கண்டது என்றுதான் எழுதினார். அப்படி அவர் கண்டதாகச் சொன்னவற்றில் ஒன்று: உள்ளான் இனத்துப் பறவை ஒன்று ஒடிந்த தன் காலுக்குக் களிமண்ணும் புல்லும் குழைத்து மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டதாம்! ஜான் பரோஸ் என்ற மூத்த இயற்கை எழுத்தாளர் 'அட்லாண்டிக் மந்த்லி' இதழில் இந்த மாதிரி எழுத்துகளைப் பிடிபிடியென்று பிடித்தார். 1907-இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே சண்டைக்குள் இறங்கி, இவர்களை இயற்கையின் பெயரால் புளுகுபவர்கள் என்றார். ஒரு நாட்டின் ஜனாதிபதிக்குப் பறவையின் கால்கட்டைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருந்த காலம் அது.

இனி நீங்கள் வாசிக்கும் நாவலுக்கு வருவோம். இ. பி. ஒயிட் அதை வெளியிட்டது 1952-இல். அதில் சிலந்தி பேசுகிறது, வலையில் எழுத்துகூடப் பின்னுகிறது. ஆனால் மெய்ன் மாநிலத்திலிருந்த தன் பண்ணையில் ஒரு சிலந்தி முட்டைப்பை கட்டுவதைக் கண்ட ஒயிட், அந்தப் பையை வெட்டியெடுத்து ஒரு மிட்டாய்ப் பெட்டியில் போட்டு நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். அவர் அறையிலேயே குஞ்சுகள் பொரித்து வெளிவந்தன. பிறகு சிலந்தி நூல்களைத் தேடித் தேடிப் படித்தார். அதனால்தான் கதையில் சிலந்தி சார்லட் தன் காலின் ஏழு கணுக்களையும் பெயர் சொல்லி அடுக்குகிறாள். ஈயைப் பிடித்துக் கட்டி இரத்தம் குடிக்கிறாள், பன்றிக்குட்டி வில்பர் அருவருத்துப்போகிறான். 514 முட்டைகள் இடுகிறாள். குஞ்சுகள் பொரிக்கும்போது அவள் இல்லை. வந்த குஞ்சுகளில் பெரும்பாலானவை ஒரு நூலை இழைத்துக் காற்றில் விட்டுப் பறந்துபோகின்றன. நிஜக் கொட்டில் சிலந்தியின் வாழ்க்கையும் இதுதான். இலையுதிர்காலத்தில் முட்டையிட்டு இறந்துவிடும், குஞ்சுகள் வெளிவருவது அடுத்த வசந்தத்தில். பேச்சையும் வலையில் எழுதும் எழுத்தையும் கழித்துவிட்டாலும் அங்கே ஒரு முழுச் சிலந்தி மிச்சமிருக்கிறது. லாங்கின் பறவையிலிருந்து அந்தக் கட்டைக் கழித்தால் ஒன்றுமே மிஞ்சாது.

ஆகவே, நீங்கள் செய்தது சரியில்லை என்று சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. அந்த மரணம் ஒயிட் கண்ணீருக்காகச் சேர்த்தது இல்லை, சிலந்தியின் ஆயுளே அவ்வளவுதான். இன்றிரவு அந்த அத்தியாயத்தை உள்ளபடி வாசித்துக் காட்டுங்கள். அழுவான், அழட்டும். ஆனால் அங்கேயே புத்தகத்தை மூடிவிடாமல் குஞ்சுகள் பறக்கும் பகுதிவரை ஒரே மூச்சில் போய்விடுங்கள். ஏன் முதலில் மாற்றிச் சொன்னாய் என்று கேட்டால், எனக்கு அழுகை வந்தது என்று சொன்னால் போதும்.

பீட்டர் முயல் கதையும் (1902) இந்த வகைதான். நீலச்சட்டை போட்ட முயல், கேட்பதற்கு அசட்டுத்தனமாக இருக்கும். தோட்டக்காரன் துரத்தும்போது இரண்டு செருப்பும் தொலைந்ததும் பீட்டர் நான்கு காலில் ஓடுகிறான், வேகம் கூடுகிறது. அவனுடைய அப்பாவை ஏற்கெனவே சமைத்துத் தின்றுவிட்டார்கள் என்பது முதல் பக்கங்களிலேயே வந்துவிடுகிறது. எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் காளான்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர். 1897-இல் அவருடைய கட்டுரை லண்டனில் லின்னியன் சங்கம் என்ற இயற்கை ஆய்வாளர் அமைப்பில் முன்வைக்கப்பட்டபோது, பெண் என்பதால் அவர் அங்கே உட்காரக்கூட முடியவில்லை.

நம் ஊர்ப் படக்கதைகளில் எனக்கிருக்கும் குறை பேச்சைப் பற்றியதே இல்லை. தூக்கணாங்குருவி கதை ஒன்றாவது உங்கள் வீட்டில் இருக்கும். பெரும்பாலும் அதில் அம்மாக் குருவிதான் பாடுபட்டுக் கூடு கட்டும். உண்மையில் கட்டுவது ஆண். மழைக்காலத்தை ஒட்டித் தலையில் மஞ்சள் ஏறிய ஆண், நெல்தாள், பனையோலை என்று நார்நாராகக் கிழித்து வந்து பின்னும். பாதியில் நிறுத்திவிட்டு இறக்கையடித்துக் கூப்பாடு போடும். பெண் வந்து உள்ளே புகுந்து சோதித்துப் பார்க்கும், பிடிக்காவிட்டால் போயே போய்விடும். பிடித்தால்தான் கீழ்நோக்கி நீளும் குழாய்வாசலை ஆண் கட்டி முடிக்கும். பிறகு பெண் அடைகாக்க, இவர் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணைக் கூப்பிடப் போய்விடுவார். இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று எழுத்தாளர் தயங்கியிருக்கலாம். அதற்காகக் கொத்தனாரையே மாற்றிவிடுவதா?

குயிலும் அப்படியே. கூவுவது கறுப்பு உடலும் சிவந்த கண்ணும் கொண்ட ஆண், பெண்ணுக்குப் பழுப்பு உடலில் புள்ளிகள். புத்தகத்திலோ கறுப்புக் குயிலக்கா பாடுகிறாள். அணிலைச் செம்பழுப்பாக, முதுகில் கோடில்லாமல், கையில் ஓக் மரத்துக் கொட்டையோடு வரைகிறார்கள். மூன்று கோடு போட்ட அணில் பிள்ளையின் கொல்லையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது!

நீதி இல்லாமல் விலங்குக் கதை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு விவேக சிந்தாமணிப் பாட்டு ஒன்றை நினைவூட்டுவேன். மழையில் நனைந்த குரங்குக்குத் தூக்கணாங்குருவி புத்தி சொல்கிறது, குரங்கு தாவிக் கூட்டைப் பிய்த்தெறிகிறது. நீதி சொல்லப்போன குருவிக்கு நேர்ந்த கதி அது.

உங்கள் மகன் மூடிவைத்த புத்தகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வகை எனக்குத் தெரியும்: உலகிலேயே பெரியது, வேகமானது, விஷமுள்ளது. பக்கத்துக்கு ஒரு விலங்கு அசையாமல் நிற்கும், அதன் எடை எழுதியிருக்கும். அதற்குப் பதில் ஒரே விலங்கை ஒரு பருவம் முழுக்கப் பின்தொடரும் புத்தகமாகப் பார்த்து வாங்குங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழையும் போட்டுப் பாருங்கள்.

உங்களுக்கு ஒரு புத்தகம் சொல்கிறேன். மா. கிருஷ்ணன் (1912–1996) தமிழில் எழுதிய இயற்கைக் கட்டுரைகளைத் தொகுத்துத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று கொண்டுவந்தார், காலச்சுவடு வெளியீடு. பிள்ளைகளுக்காக எழுதியது இல்லை. பகலில் ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு இரவில் உங்கள் வாயால் அவனுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது பறவையைக் கொஞ்சம் பேசவைக்கத் தோன்றினால், உங்கள் கணவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அன்புடன்.