மூன்று சங்கங்களுக்கு ஒரு கட்டடம்: மனையை யார் பெயரில் வாங்குவது?

வாசகர் கேள்வி: எங்கள் நகரிலுள்ள கட்டுமான, மின், இயந்திரப் பொறியாளர் சங்கங்கள் மூன்றும் சேர்ந்து பொதுத் தலைமையகம் கட்டத் தீர்மானித்துள்ளன. மனையை மூவர் பெயரிலும் கூட்டாக வாங்குவதா, ஒரு சங்கத்தின் பெயரில் வாங்கி மற்றவை வாடகைக்கு இருப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து. கூட்டுக் கிரயம் செய்தால், பின்னாளில் ஒரு சங்கம் பாகப்பிரிவினை கேட்கும்போது கட்டடம் முழுவதுமே வழக்கில் சிக்கக்கூடும்; ஒருவர் பெயரில் வாங்கினால் மற்ற இருவரும் என்றைக்கும் குடக்கூலிக்காரர்களே. சொத்தை வைத்துப் பராமரிப்பதற்கென்றே தனி அமைப்பு ஒன்றைப் பதிவு செய்து, அதில் மூன்று சங்கங்களுக்கும் சம எண்ணிக்கையில் பிரதிநிதிகளை அமர்த்துங்கள்.

நியூயார்க்கில் இந்த வழி நடைமுறையில் சோதிக்கப்பட்டிருக்கிறது. 1903இல் அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி பொறியாளர்களுக்குப் பொதுக் கட்டடம் அமைக்க 10 லட்சம் டாலர் தர முன்வந்தார். அருகிலேயே எழும்பிய பொறியாளர் மன்றத்தையும் சேர்த்து அத்தொகை பின்னர் 15 லட்சமாயிற்று. மனைக்கான செலவு சங்கங்களின் பொறுப்பு. சுரங்கம், இயந்திரம், மின்சாரம் ஆகிய துறைகளின் சங்கங்கள் 1904இல் 'யுனைடெட் இன்ஜினியரிங் சொசைட்டி' என்ற அமைப்பைச் சட்டப்படி உருவாக்கிச் சொத்தை அதனிடம் ஒப்படைத்தன. மேற்கு 39ஆம் தெருவில் எழுந்த அந்தக் கட்டடம் 1907இல் முறைப்படி திறக்கப்பட்டது.

உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது சிவில் பொறியாளர் சங்கத்தின் கதை. 57ஆம் தெருவில் சொந்தக் கட்டடம் வைத்திருந்த அச்சங்கத்தின் உறுப்பினர்கள், தொடக்கத்தில் இத்திட்டத்தில் சேர மறுத்து வாக்களித்தார்கள். ஆயினும் 1916இல் மனம் மாறி அச்சங்கம் இணைந்தபோது, ஏற்கெனவே நின்றிருந்த கட்டடத்தின் மேல் புதிய மாடிகள் எழுப்பி அதற்கு இடம் தரப்பட்டது. சொத்து தனி அமைப்பிடம் இருந்ததால், பழைய பங்காளிகளின் பங்கை மறுபடி பிரிக்காமலே நான்காமவரைச் சேர்க்க முடிந்தது. ஆகவே மேலும் சில தளங்களைத் தாங்கும்படி அடித்தளத்தை வடிவமைத்துவிடுங்கள். அந்தச் செலவைக் கண்டு தயங்க வேண்டாம்.

அலுவலகங்களைத் தனித்தனியே வைத்துக்கொண்டு, அரங்கத்தையும் நூலகத்தையும் பொதுவாக்குங்கள். நியூயார்க் சங்கங்கள் தம் நூல்களை ஒன்றுசேர்த்ததால்தான் தனியொரு சங்கத்தால் திரட்ட முடியாத அளவுக்குப் பெரிய பொறியியல் நூலகம் உருவாயிற்று.

விலகும் விதியை இப்போதே எழுதிவிடுங்கள். நல்லுறவு இருக்கும்போதுதான் அதை நியாயமாக எழுத முடியும். இடம் போதாமல் 1961இல் கிழக்கு 47ஆம் தெருவுக்கு மாறிய அதே சங்கங்கள், 1990களில் வெவ்வேறு திசைகளில் பிரிந்தன. சிவில் பொறியாளர்கள் வர்ஜீனியாவுக்குச் சென்றார்கள், நூலகம் 1995இல் கான்சஸ் நகரின் லிண்டா ஹால் நூலகத்துக்குச் சென்றது, கட்டடம் விற்கப்பட்டு இடிக்கப்பட்டது. விலகும் சங்கத்துக்கு எவ்வளவு, எத்தனை தவணையில், யாருடைய மதிப்பீட்டின்படி தருவது என்பதோடு, நூல்கள் யாரிடம் சேரும் என்பதையும் விதிமுறையில் தனிப் பிரிவாக எழுதி, மனைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மூன்று பொதுக்குழுக்களிலும் தீர்மானமாக நிறைவேற்றுங்கள்.