ஷாட்கன்: பாதி மெக்கானிக், பாதி வக்கீல் (கேள்வி பதில்)

ஷாட்கன் என்பது சிறு ஈய உருண்டைகளைச் சிதறவிடும் வேட்டைத் துப்பாக்கி; ஒருமுறை நிரப்பினால் பல தடவை சுடுவது ரிப்பீட்டிங் ஷாட்கன். அதன் கதையைக் கேட்டு வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருந்தால் ஒரு தடவைதான் பதில்.

கேள்வி: இரட்டைக் குழல் துப்பாக்கியும் இரண்டு முறை சுடுகிறதே, அதை ஏன் ரிப்பீட்டிங் என்று சொல்வதில்லை?

இரட்டைக் குழல் என்பது இரண்டு துப்பாக்கிகளை ஒட்டவைத்த மாதிரி. இரண்டும் தீர்ந்தால் மடக்கித் திறந்து கையால்தான் தோட்டா போட வேண்டும். ரிப்பீட்டிங்கில் குழல் ஒன்றே. அதற்கு அடியில் ஒரு குழாய், அதற்குள் ரயில் பெட்டி போல வரிசையாகத் தோட்டாக்கள். சுட்டதும் காலித் தோட்டா வெளியே விழுந்து அடுத்தது ஏற வேண்டும். முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்துத் தள்ளி அதைச் செய்தால் பம்ப். விசைக்கு அடியில் இருக்கும் வளையத்தை இறக்கி ஏற்றினால் லீவர். வெடியின் வேகத்திலேயே நடந்துவிட்டால் செமி ஆட்டோமேட்டிக்.

கேள்வி: சார், 12 போர் என்பதும் 12 கேஜ் என்பதும் ஒன்றா?

ஒன்றுதான். பிரிட்டிஷ்காரர்களைப் பார்த்து நாம் போர் (bore, அதாவது குழலின் துளை) என்கிறோம், அமெரிக்கர்களுக்கு அது கேஜ். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுதான் குழலின் விட்டம், சுமார் 18.5 மி.மீ. அதனால்தான் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்.

கேள்வி: பம்ப் ஷாட்கன்னைக் கண்டுபிடித்தவர் ஜான் பிரௌனிங் என்று படித்தேன். சரியா?

இல்லை. பிரௌனிங் பேர்பெற்ற அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர்தான், ஆனால் அவருக்கு முன்பே கிறிஸ்டோபர் ஸ்பென்சர் இருக்கிறார், அமெரிக்க உள்நாட்டுப் போரில் பேர் வாங்கிய ரிப்பீட்டிங் ரைஃபிளைச் செய்தவர். அவரும் சில்வெஸ்டர் ரோப்பரும் சேர்ந்து 1882இல் பம்ப் ஷாட்கன்னுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். கம்பெனி நொடித்துப்போக, பிரான்சிஸ் பேனர்மன் என்ற வியாபாரி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பிரௌனிங் வடிவமைத்த பம்ப்பை வின்செஸ்டர் கம்பெனி 1893இல் விற்க ஆரம்பித்ததும் பேனர்மன் கோர்ட்டுக்குப் போனார்.

வின்செஸ்டர் தரப்பு என்ன செய்தது தெரியுமா? ஐரோப்பாவில் தூசி படிந்து கிடந்த பழைய காப்புரிமைகளைத் தோண்டி எடுத்தது. அவற்றில் ஒன்று 1854இல் பிரிட்டனில் அலெக்சாண்டர் பெயின் வாங்கியது. இந்த யோசனை ஸ்பென்சருக்கு முன்பே இருந்தது என்று காட்டியதும் பேனர்மன் தோற்றார்.

கேள்வி: பம்ப் நல்லதென்றால் வின்செஸ்டர் 1887இல் ஏன் லீவர் ஷாட்கன் கொண்டுவந்தது?

லீவர் ரைஃபிள்தான் அவர்கள் அடையாளம். பம்ப்பே மேல் என்பது பிரௌனிங்கின் எண்ணம், ஆனால் காசு கொடுப்பவர் கேட்டதைச் செய்துகொடுத்தார். பெரிய தோட்டாவுக்காக உடம்பு பருத்துப்போன துப்பாக்கி அது. பார்க்க அழகு, கையாள அவ்வளவு சுகமில்லை.

கேள்வி: 1893 மாடல் நான்கே வருடத்தில் 1897 ஆனது ஏன்? அதைத்தான் முதல் உலகப் போரில் பயன்படுத்தினார்களா?

1893 கரிமருந்துத் தோட்டாவுக்காகச் செய்தது. புகையில்லா மருந்து வந்தபோது அதன் கூடுதல் அழுத்தத்தை அது தாங்கவில்லை. பலப்படுத்தி வந்ததுதான் 1897. அது 1957 வரை பத்து லட்சத்துக்கு மேல் தயாரானது.

ஆமாம், பதுங்குகுழிச் சண்டைக்கு அதையே குட்டைக் குழலாக்கி, கை சுடாமலிருக்கக் குழல்மேல் துளையிட்ட தகடு போட்டு, பயனெட் (முனைக்கத்தி) மாட்டவும் இடம் வைத்து அனுப்பினார்கள். 1918 செப்டம்பரில் ஜெர்மனி எதிர்ப்புத் தெரிவித்தது: இது தேவையில்லாத துன்பம் தரும் ஆயுதம், போர் விதிகளைச் சொல்லும் ஹேக் ஒப்பந்தத்துக்கு விரோதம், இதோடு பிடிபடும் அமெரிக்கச் சிப்பாயின் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று. விஷவாயுவைப் போர்க்களத்தில் பெரிய அளவில் திறந்துவிட்ட நாடு இதைச் சொன்னதுதான் வேடிக்கை. அமெரிக்க வெளியுறவுச் செயலர் ராபர்ட் லான்சிங் அதை ஏற்கவில்லை, எங்கள் ஆட்களைத் தொட்டால் பதிலடி உண்டு என்றார். நவம்பரில் போரே முடிந்துவிட்டது.

கேள்வி: அண்ணா, அந்தக் கூன் முதுகு பிரௌனிங் பற்றிச் சொல்லுங்கள்.

எனக்குப் பிடித்த துப்பாக்கியைக் கேட்டுவிட்டீர்கள். பிரௌனிங் வடிவமைத்த ஆட்டோ-5, பின்பக்கம் கூன் போல எழும்பி நிற்கும் செமி ஆட்டோமேட்டிக். சுட்டதும் குழலும் அதோடு பூட்டிய போல்ட்டும் (குழலின் பின்வாயை அடைக்கும் பாகம்) சேர்ந்தே பின்னுக்குப் போகும். பிறகு குழல் மட்டும் முன்னே திரும்பும், காலித் தோட்டா வெளியே விழும், போல்ட் அடுத்ததைத் தள்ளிக்கொண்டு வந்து பூட்டும். தோட்டாவின் பலத்துக்குத் தகுந்தபடி உள்ளே ஒரு உராய்வு வளையத்தை மாற்றி மாட்ட வேண்டும். தப்பாக மாட்டினால் தோள்பட்டை சொல்லிவிடும்.

அதுவரை வின்செஸ்டருக்கு வடிவமைப்புகளை மொத்த விலைக்கு விற்று வந்த பிரௌனிங், இதற்கு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ராயல்டி கேட்டார். வின்செஸ்டரின் தலைவர் பென்னட் மறுத்தார். 1902 ஜனவரியில் இன்னொரு துப்பாக்கிக் கம்பெனியான ரெமிங்டனின் தலைவர் மார்செலஸ் ஹார்ட்லியைப் பார்க்கப் போய்க் காத்திருந்தபோதே, அவர் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. பிரௌனிங் கப்பலேறி பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்திடம் போனார். அந்த மாடல் 1998 வரை தயாரிப்பில் இருந்தது. ரெமிங்டனும் 1905இல் உரிமம் வாங்கிச் செய்தது. பென்னட் கைவிட்டது எவ்வளவு பெரிய தொகை என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கேள்வி: வின்செஸ்டர் 1911ஐ 'விதவையாக்கி' என்கிறார்களே?

மேலே சொன்னதன் தொடர்ச்சிதான். வின்செஸ்டருக்கு ஆட்டோ-5க்குப் போட்டியாக ஒன்று வேண்டும், ஆனால் போல்ட்டை இழுக்கும் கைப்பிடி பிரௌனிங்கின் காப்புரிமையில் இருந்தது. அந்தக் காப்புரிமையை ஓட்டையில்லாமல் எழுதிக்கொடுத்ததே வின்செஸ்டரின் வக்கீல்கள். கைப்பிடிக்குப் பதிலாகக் குழலையே பிடித்துப் பின்னால் தள்ளும்படி வைத்தார்கள். ஈரத்தில் ஊதிய காகிதத் தோட்டா சிக்கிக்கொண்டால் சிலர் துப்பாக்கியின் பின்கட்டையைத் தரையில் ஊன்றி, குழல் வாயை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு அழுத்தினார்கள். மீதியைச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: ரெமிங்டன் 870 ஏன் இவ்வளவு விற்றது?

குறைந்த விலை. 1950இல் வந்த பம்ப் அது, பல பாகங்கள் தகட்டில் அச்சடித்தவை. ஒரு கோடிக்கு மேல் போய்விட்டது.

கேள்வி: சினிமாவில் தோட்டாவே போடாமல் இருபது தடவை சுடுகிறார்களே, உண்மையில் எத்தனை?

சாதாரண வேட்டைத் துப்பாக்கியில் குழாயில் நான்கு, ஐந்து. அதுவே அதிகம் என்று அமெரிக்க அரசு நினைத்தது. வாத்துகள் குறைந்துபோனதால் 1935 முதல் வலசைப் பறவை வேட்டைக்கு மொத்தம் மூன்று தோட்டாதான் இருக்கலாம் என்று விதி. இதற்காகப் பெரிய மெக்கானிசம் எதுவும் வரவில்லை. குழாய்க்குள் ஒரு மரக்குச்சியைச் செருகிவிடுவார்கள், அவ்வளவுதான்.