தகட்டில் உள்ளதைப் பெருக்கிப் பாருங்கள்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மகள் ஒரு மின் கேத்திலைக் கொண்டுவந்தாள். அடியில் 120 வோல்ட், 1500 வாட் என்று இருக்கிறது. பிளக்கை மாற்றினால் இங்கே பாவிக்கலாம் என்று சொன்ன கடைக்காரர், பணம் வாங்கிக்கொண்டு மாற்றியும் தந்தார். முதல் நாளே கருகிவிட்டது. நட்டஈடு கேட்கலாமா?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: கேட்கத்தான் வேண்டும். 1500ஐ 120ஆல் வகுத்தால் அந்தக் கேத்தில் இழுக்க வேண்டிய மின்னோட்டம் 12.5 அம்பியர் என்று வரும். 120ஐ அந்த 12.5ஆல் வகுத்தால் சுருளின் தடை 9.6 ஓம் என்று வரும். பிளக்கை மாற்றுவதால் சுருளின் தடை மாறாது. அதே 9.6 ஓமுக்கு நமது வீடுகளின் 230 வோல்ட்டைக் கொடுத்தால் ஏறத்தாழ 24 அம்பியர் பாயும். வலுவோ 5500 வாட்டைத் தாண்டிவிடும். பிளக்கினுள் இருக்கும் 13 அம்பியர் பியூஸ் 24 அம்பியரை உடனடியாகத் துண்டித்துவிடாது என்பதால், கேத்திலோடு போனது நல்லது. தொழில் தெரிந்தவர் என்று நம்பித்தான் அவரிடம் கொடுத்தீர்கள். பிழை உங்களுடையது அல்ல. பற்றுச்சீட்டின் பிரதியோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும்.

கேள்வி: நடைபாதையில் மலிவாக ஒரு ஹீட்டர் வாங்கினேன். வோல்ட், வாட் எதுவும் அதில் எழுதப்படவில்லை, பற்றுச்சீட்டும் தரவில்லை. அது எவ்வளவு மின்சாரம் இழுக்கும்?
– மட்டக்குளி வாசகர்

பதில்: செருகாதீர்கள்.

கேள்வி: புறக்கோட்டையில் வாங்கிய மல்டி பிளக்கில் ‘10 அம்பியர், 250 வோல்ட், 3000 வாட்’ என்று அச்சிட்டிருக்கிறது. 2000 வாட் கேத்திலையும் 1000 வாட் அயனையும் சேர்த்துப் போட்டால் வயர் சுடுகிறது. 3000 வாட் தாங்கும் என்றுதானே எழுதியிருக்கிறார்கள்?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: இந்த அச்சைப் பற்றி எழுத நான் பல காலமாகக் காத்திருந்தேன். வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வாட் என்பதைச் சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளையும் அறியும். 250ஐ 10ஆல் பெருக்கினால் 2500 வருமே தவிர, எந்தக் கடையில் பெருக்கினாலும் 3000 வராது. நமது 230 வோல்ட்டில் அது வெறும் 2300. நீங்கள் போட்ட 3000 வாட்டுக்கு 13 அம்பியர் பாய்கிறது. அதாவது, அந்தப் பொருள் தனது பொய்யைத் தனது முதுகிலேயே அச்சிட்டுக்கொண்டு விற்பனைக்கு வந்திருக்கிறது. அதை வாங்குபவரும் படிப்பதில்லை, விற்பவரும் படிப்பதில்லை.

வயர் ஏன் சுடுகிறது என்பதையும் சொல்கிறேன். வயருக்கும் சிறிய தடை உண்டு. 0.75 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் மூன்று மீற்றர் நீளம் என்றால், மின்னோட்டம் போய்வரும் ஆறு மீற்றருக்கும் சேர்த்துத் தடை ஏறத்தாழ 0.14 ஓம். அற்பம் என்று தோன்றும். ஆனால் வயரில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தை அதே மின்னோட்டத்தால் பெருக்கி, பின் தடையாலும் பெருக்கிய அளவு. மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். 13 அம்பியரில் அது 23 வாட்டுக்கு மேல் போகிறது. வயரைச் சுருட்டி வைத்தபடி பாவித்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் உறையை இளக்கும். அச்சிட்டதைவிட மெல்லிய வயரை உள்ளே வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். இதே சாதியைச் சேர்ந்த ஒன்றை நானும் ஒருமுறை வாங்கினேன். திருகாணியைக் கழற்றிப் பார்த்தபோது நில இணைப்புக்கான துளைக்குப் பின்னால் வயரே இருக்கவில்லை. கேத்திலைச் சுவரில் உள்ள 13 அம்பியர் சொக்கெட்டில் நேரடியாகப் போடுங்கள். மல்டி பிளக்கைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய், முதலாளியின் முன்னாலேயே அந்த இரண்டு எண்களையும் பெருக்கிக் காட்டுங்கள்.

கேள்வி: 100 வாட் இழை மின்குமிழின் தடையை மீற்றரில் அளந்தால் 36 ஓம் காட்டுகிறது. அப்படியானால் 230 வோல்ட்டில் அது 1469 வாட் ஆக வேண்டும். தவறான குமிழைத் தந்துவிட்டார்களா?
– தெஹிவளை மாணவர்

பதில்: இல்லை. உங்கள் கணக்கு சரி. நீங்கள் அளந்தது குளிர்ந்த இழையை. தங்குதன் இழை 2000 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறி ஒளிரும்போது அதன் தடை பத்து மடங்குக்கு மேல் உயர்ந்து 529 ஓமை எட்டும். 230ஐ 529ஆல் வகுத்து, வரும் அம்பியரை மீண்டும் 230ஆல் பெருக்கிப் பாருங்கள், 100 வாட் வரும்.

கேள்வி: 650 வீ.ஏ. யூபிஎஸ் வாங்கினேன். 450 வாட் இழுக்கும் கணினியைப் போட்டதும் அலறிவிட்டு அணைந்துவிடுகிறது. ஏமாற்றப்பட்டேனா?
– பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: பெட்டியின் பக்கவாட்டில், உங்கள் கடிதத்துடன் வந்த படத்திலேயே, ‘360 வாட்’ என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. வீ.ஏ. என்பது வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கி வருவது. அது அப்படியே வாட் ஆவது கேத்தில், அயன் போன்ற சூடேற்றும் சாதனங்களில்தான். கணினியிலும் மோட்டார் உள்ள பொருள்களிலும் வலுக்காரணி, அதாவது அந்தப் பெருக்கத்தில் உண்மையில் வாட்டாக மாறும் பங்கு, குறுக்கிடுவதால் வாட் குறைவாகவே இருக்கும். வீ.ஏ. எண்ணைப் பெரிதாகவும் வாட் எண்ணைச் சிறிதாகவும் அச்சிடுவது எனக்கும் பிடிக்காத பழக்கம்தான். ஆனாலும் படிக்காமல் வாங்கியதற்கு முறைப்பாடு எழுதித்தர என்னால் முடியாது.

கேள்வி: மாலையில் எங்கள் வீட்டில் 200 வோல்ட்தான் வருகிறது. புதிய 2000 வாட் கேத்தில் கொதிக்க நீண்ட நேரம் எடுக்கிறது. மாற்றித் தருமாறு கேட்கலாமா?
– கிராண்ட்பாஸ் வாசகி

பதில்: கேத்தில் நன்றாகவே இருக்கிறது. 230 வோல்ட்டுக்கு 2000 வாட் என்றால் சுருளின் தடை 26.45 ஓம், 200 வோல்ட்டில் அது தருவது 1512 வாட் மட்டுமே, ஆகவே மூன்றில் ஒரு பங்கு நேரம் கூடுதலாகும். விநியோகத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் 6 சதவீதம், அதாவது 216 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. மாலை வேளைகளில் அளந்த எண்களை நேரத்துடன் குறித்து மின்விநியோகப் பகுதி அலுவலகத்துக்கு எழுதுங்கள், கடைக்காரரை விட்டுவிடுங்கள்.