சொல் தேடும் விளையாட்டில் தமிழ்

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தமிழ்ப்பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டு, வீட்டுப் பாடமும் சொல்லிக் கொடுக்கிறேன். பாடம் முடிந்ததும் எல்லாருக்கும் என் கைப்பேசிதான் வேண்டும். இலவசம் என்று ஒரு விளையாட்டை இறக்கினால் நிமிடத்துக்கு ஒரு விளம்பரம். ஒரு பொடியன் எதையோ தொட்டு, சந்தாவில் மாட்டி, டாப்-அப் காசே போய்விட்டது. அப்புறம் என் தம்பி ‘லெக்சிகா’ என்ற சொல் தேடும் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். விளம்பரமே இல்லை. பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களைப் போட்டி போட்டுத் தேடுகிறார்கள். தமிழைத்தான் காணோம். திறந்த மூலம் என்கிறார்களே, அகராதியைத் தூக்கி உள்ளே போட்டால் தமிழ் வந்துவிடாதா? இப்படிச் சும்மா கொடுப்பவர்களுக்கு என்ன லாபம்? கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. என் அண்ணன் மகள் ஐபோனில் வருமா என்று வேறு கேட்கிறாள்.

(பெயர் வேண்டாம் ஐயா)

வணக்கம் அம்மா,

பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். லெக்சிகா ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருகிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் கொண்டுவந்த உரிமம் அது. நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். கொடுத்தால் மாற்றிய நிரலையும் காட்ட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. உங்கள் தம்பி அநேகமாக எஃப்-டிராய்டிலிருந்து இறக்கியிருப்பார். 2010இல் தொடங்கிய அந்தக் களஞ்சியத்தில் செயலிகளை மூல நிரலிலிருந்தே உருவாக்குகிறார்கள். விளம்பரமோ வேவு பார்க்கும் வேலையோ இருந்தால் செயலியின் பக்கத்திலேயே எச்சரிக்கை போட்டுவிடுவார்கள். அடுத்த விளையாட்டை இறக்கும்போது அதை மட்டும் பாருங்கள். லாபத்தைக் கேட்டீர்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களிடம் நாம் கேட்பதில்லையே.

இனி அகராதிக்கு வருவோம். தூக்கி உள்ளே போடலாம்; ஆனால் விளையாட முடியாது.

லெக்சிகா மாதிரி விளையாட்டுக்கெல்லாம் முன்னோடி ஆலன் டூரோஃப் உருவாக்கி 1972இல் வெளிவந்த ‘பாகிள்’. பதினாறு எழுத்துக் கட்டைகள், மூன்று நிமிடம். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலும் கோத்துச் சொல் பிடிக்க வேண்டும். ஒரே சொல்லுக்குள் ஒரு கட்டையை இரண்டு தடவை தொடக்கூடாது. மூன்று எழுத்துக்குக் குறைந்தால் செல்லாது. எல்லாமே இருபத்தாறு எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

நமக்கோ 247. அதில் பதினாறைக் கண்ணை மூடிக்கொண்டு அள்ளினால் ஙௌ வரும், ஞூ வரும், சொல் வராது. உயிரும் மெய்யுமாகப் பிரித்து முப்பது எழுத்தோடு ஆடலாமே என்று சிலர் சொல்வார்கள். அப்போது ‘மரம்’ என்று பிடிக்க ம், அ, ர், அ, ம் என்று ஐந்து கட்டம் விரலை இழுக்க வேண்டும். இலக்கணம் படித்த பெரியவர்களுக்கு ரசிக்கும். உங்கள் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை எழுந்து ஓடிவிடும். என்னைக் கேட்டால் ம, ர, ம் என்று முழு எழுத்தாகவே இருக்கட்டும். ஐந்தாறு சொற்களை முதலில் கட்டத்தில் புதைத்துவிட்டு, மிச்ச இடத்தை அதிகம் புழங்கும் எழுத்துகளால் நிரப்பச் சொல்லி நிரலை மாற்றலாம்.

‘கோழி’யை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு இரண்டெழுத்து. யூனிகோடு முறையில் கணினி அதை க, ஓகாரக் குறி, ழ, இகரக் குறி என்று நான்காகச் சேமிக்கிறது. நிரல் எழுதுகிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், இரட்டைக் கொம்பும் காலும் ஒரு கட்டத்தில் அநாதையாக நிற்கும். எழுத்தை எழுத்தாகப் பிரிக்கும் வழியை ‘ஓப்பன்-தமிழ்’ என்ற திறந்த மூல நிரல் தொகுப்பில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். அது பைத்தான் என்ற நிரல்மொழியில் இருக்கிறது. பார்த்து மாற்றி எழுதிக்கொள்வது பெரிய வேலை இல்லை. அடுத்து அந்த மூன்றெழுத்துச் சட்டம். கோழி, பூனை, நாய், மீன், பால் எல்லாமே இரண்டெழுத்து. பிள்ளைகள் முதலில் கண்டுபிடிப்பதே இவற்றைத்தான். சட்டத்தை இரண்டாகத் தளர்த்தியே ஆக வேண்டும்.

இவ்வளவும் நிரல் தெரிந்த ஒருவர் உட்கார்ந்தால் முடிந்துவிடும். முடியாமல் இழுப்பது சொற்பட்டியல். மரம் சரி. மரங்கள்? மரத்தில்? மரத்திலிருந்துதான்? எங்கே நிறுத்துவது? அகராதியில் தலைச்சொல்லாக வருவதோடு நிறுத்துங்கள் என்பேன். கூடவே ஓடு, ஓடி, ஓடினான் மாதிரி பிள்ளைகள் வாயில் எப்போதும் வரும் வினைகளைச் சேர்க்கலாம்.

பெரிய அகராதி வேண்டவே வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேல் சொற்கள். இவ்வகை விளையாட்டுகளில் ஆட்டம் முடிந்ததும் தவறவிட்ட சொற்கள் வரிசையாக வரும். அதில் பாதியை ஆசிரியரே கேள்விப்பட்டிருக்கமாட்டார் என்றால் பிள்ளைக்கு என்ன உற்சாகம் வரும்? கடையில் விற்கும் அகராதியைப் பார்த்து அப்படியே தட்டுவதும் கூடாது. அதற்குப் பதிப்புரிமை உண்டு. தமிழ் விக்சனரி என்ற திறந்த இணைய அகராதியிலிருந்து எடுக்கலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட்டு, நம் பட்டியலையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். ஆனால் அங்கே கலைச்சொற்கள் மலையாகக் குவிந்திருக்கின்றன. உட்கார்ந்து பொறுக்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் நீங்கள்தான். தம்பிக்கு நிரல் வரும், உங்களுக்குப் பிள்ளைகளைத் தெரியும். வரிக்கு ஒரு சொல்லாக ஒரு சாதாரணக் கோப்பு போதும். தட்டுவதற்கு நம் நாட்டு முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ கைப்பேசியிலேயே இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு உங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஆளுக்கு ஒரு பாடநூல் என்று பிரித்துக் கொடுங்கள். மூவாயிரம் சொல் சேர்ந்தாலே தாராளமாக விளையாடலாம்.

பட்டியலில் தோட்டத்துச் சொற்களும் இருக்கட்டும். லயம் (தொழிலாளர் வரிசை வீடு), பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), மங்கு (ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம்), ஒட்டுப்பால் (உறைந்து ஒட்டிய ரப்பர் பால்), கித்தா (ரப்பர்). பால்மரக் (ரப்பர்) காடு செம்பனையாகி, லயத்தில் இருந்தவர்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. உங்களிடம் வரும் பிள்ளை மங்கைப் பார்த்திருக்காது. அதன் பாட்டிக்கு அது கையிலேயே இருந்த சாமான். ‘மங்கு மலாய்ச் சொல் ஆயிற்றே, பள்ளிப் பட்டியலில் எதற்கு?’ என்று ஓர் ஆசிரியராவது முறைப்பார். எனக்கு அந்தக் கவலை இல்லை. பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து விளையாட வேண்டுமானால் பாட்டிக்குத் தெரிந்த சொல் கட்டத்தில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்று நினைப்பீர்கள். நிரல் இருக்கும் பக்கத்திலேயே கோரிக்கை எழுத இடம் உண்டு, தம்பிக்குத் தெரிந்திருக்கும். ‘தமிழைச் சேருங்கள்’ என்று மொட்டையாக ஒரு வரி எழுதினால் அது அங்கேயே கிடக்கும். எழுத்து பிரிக்கும் முறை, இரண்டெழுத்துச் சட்டம், சொற்பட்டியல் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். அவர்கள் ஏற்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. உரிமம் அனுமதிப்பதால் தம்பி தனியாக ஒரு தமிழ்ப் பிரதி செய்து வெளியிடலாம்.

எஃப்-டிராய்டு ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு மட்டும்தான். அண்ணன் மகள் தன் ஐபோனை ஓரமாக வைத்துவிட்டு அத்தை கைப்பேசிக்கு வரிசையில் நிற்கட்டும்.