ஒலிம்பிக் போகாமல் கல்லூரி அணியோடு முடிந்துபோகும் ஜிம்னாஸ்டிக்ஸ் வாழ்க்கை தோல்விதானா?

ஒரு குட்டிக்கரணம்கூட ஒழுங்காகப் போடத் தெரியாத ரசிகன் நான். என் பதில், இல்லை. காரணம் அமெரிக்க வீராங்கனை கேட்லின் ஒஹாஷி.

2013 மார்ச்சில் அமெரிக்கன் கப் என்ற சர்வதேசப் போட்டியில் சிமோன் பைல்ஸை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி ஜெயித்தவர் இவர். அப்போது வயது 15. அதே அக்டோபரில் பைல்ஸ் உலக சாம்பியன் ஆனார். ஒஹாஷியோ முதுகில் எலும்பு முறிவு, தோள்பட்டையில் அறுவை சிகிச்சை என்று ஒதுங்கவேண்டி வந்தது. உடம்பைச் சொல்லிக் குத்திப் பேசியதெல்லாம் சேர்ந்து விளையாட்டே வெறுத்துப்போனது என்று பின்னாளில் அவரே பேசியிருக்கிறார்.

அப்புறம்தான் லாஸ் ஏஞ்சலஸின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகம். வேடிக்கை என்னவென்றால், அங்கே சேர பைல்ஸும் கையெழுத்துப் போட்டிருந்தார். 2015இல் அவர் விளம்பரப் பணம் வாங்கும் தொழில்முறை வீராங்கனையாக மாறினார், கல்லூரி ஆட்டம் கைவிட்டுப் போனது. அன்றைய விதிப்படி இரண்டில் ஒன்றுதான்.

கல்லூரி ஆட்டத்தின் கணக்கே வேறு. சர்வதேசப் போட்டிகளில் 2006லேயே 'பெர்ஃபெக்ட் 10', அதாவது குறையில்லாத ஆட்டத்துக்கு முழு 10 என்பது, போய்விட்டது. எவ்வளவு கடினமாகச் செய்கிறீர்களோ அவ்வளவு புள்ளி. கல்லூரியில் இன்றும் உச்சம் 10தான். வால்ட் (ஓடிவந்து மேடைமேல் கை ஊன்றித் தாவுவது), பார்ஸ் (இரண்டு கம்பிகளில் சுழல்வது), பீம் (ஒடுங்கிய கட்டைமேல் ஆடுவது), ஃப்ளோர் (தரையில் இசைக்கு ஆடுவது) ஒவ்வொன்றிலும் ஆறு பேர் ஆடுவார்கள், சிறந்த ஐந்து மதிப்பெண் சேரும். ஆக அணிக்கு மொத்தம் 200. உயிரைப் பணயம் வைத்துப் புதுச் சுழற்சி போடத் தேவையில்லை. செய்வதைச் சுத்தமாகச் செய்து, இறங்கும்போது கால் நகராமல் நின்றால் போதும். அடிபட்ட உடம்புக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

2018 கல்லூரி அணிகளின் தேசியப் போட்டியைத் தேடிப் பாருங்கள். யூசிஎல்ஏவின் கடைசி ஆட்டம் பீமில். ஏறியவர் கனடாவின் பெங்-பெங் லீ. எடுத்தது 10. ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியை 198.075க்கு 198.0375 என்று முந்திக் கோப்பை வந்தது. அரைக்கால் அடி இடறியிருந்தால்கூடப் போயிருக்கும். ஒஹாஷி அந்த அணியில்தான் இருந்தார். ஃப்ளோர் பட்டத்தையும் பகிர்ந்துகொண்டார்.

பயிற்சியாளர் வேலரி கோண்டோஸ் ஃபீல்ட் பாலே நடனத்திலிருந்து வந்தவர், ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடியவரே அல்ல. 2019 ஜனவரியில் அனஹைமில் ஒஹாஷி ஆடிய ஃப்ளோரைப் பார்த்தால் அந்த நடன வாசனை தெரியும். மைக்கேல் ஜாக்சன் பாட்டுக்கு ஆட்டம், உயரத் தாவி அப்படியே கால் விரித்துத் தரையில் விழுந்து துள்ளி எழுவது, ஓரத்தில் நின்று கூடவே ஆடும் தோழிகள். மதிப்பெண் 10. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். நானே இருபது தடவையாவது பார்த்திருப்பேன், பாதி அந்தத் தோழிகளுக்காக.

அதில் அவருக்குக் காசு வந்ததா? கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கக் கூடாது என்பது அன்றைய விதி. அதைப்பற்றி அவர் பிறகு வெளிப்படையாகவே பேசினார். அந்த ஏப்ரலில் அணி மூன்றாம் இடம், அவர் கல்லூரி ஆட்டம் முடிந்தது. வயது 22. சரி, இந்த ஒரு இடத்தில் மட்டும் 'தோல்வி' என்ற சொல்லை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது அவர்மேல் வைக்கிற சொல் இல்லை.

2021 ஜூலை 1இல் அந்தத் தடை நீங்கியது. சில வாரங்களில் டோக்கியோவில் தங்கம் வென்ற சுனி லீ, விளம்பர வருமானத்தையும் வைத்துக்கொண்டு ஆபர்ன் பல்கலைக்கழக அணியில் சேர்ந்து ஆடினார்.