பாட்டியின் விக்டோரியா பவுன்களில் அரிய வகை இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பாட்டி கொடுத்த ராணித் தலை பவுன் இரண்டு இருக்கின்றன, எடைக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடுவதற்கு முன் ஒரு லென்ஸோடு உட்காருங்கள். நாம் 8 கிராமைச் சவரன் என்பதே இந்தக் காசை வைத்துத்தான். அதன் எடை 7.98 கிராம், 22 காரட்.

முதலில் பின்பக்கம். அதில் கேடயம் இருந்தால் எனக்குக் கை பரபரக்கும். கேடயத்தைச் சுற்றிய இலைகளுக்குக் கீழே, ரோஜாவுக்கு மேலே பாருங்கள். 1863 முதல் 1874 வரை லண்டனில் அடித்த கேடயக் காசுகள் பெரும்பாலானவற்றில் அங்கே குட்டியாக அச்சு எண், அதாவது எந்த அச்சில் அடித்தது என்று காட்டும் எண், இருக்கும். எண்ணுக்குப் பதில் ‘எஸ்’ என்றால் சிட்னி, ‘எம்’ என்றால் மெல்போர்ன். சில அச்சு எண்கள் மிக அரிது. என்னிடம் உள்ள 1869 காசில் அப்படி ஒரு எண் இருப்பதே இரண்டு வருடம் எனக்குத் தெரியாது. ஒரு நாள் ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் ரோஜாவின் தலைமேல் இரண்டு இலக்கங்கள் எழுந்து நின்றன. இன்றைக்கும் அதை எடுத்தால் முதலில் அங்கேதான் கண் போகும்.

வருடம் 1859 என்றால் உடனே ராணியின் பக்கம் திருப்புங்கள். காதுக்குப் பின்னால், கூந்தலைக் கட்டிய ரிப்பனில் கூடுதலாக ஒரு கோடு ஓடினால் அது ‘ஆன்செல் சவரன்’. அந்த வருடம் லண்டன் நாணயச்சாலைக்கு வந்த தங்கத்தில் ஒரு பகுதி ஆர்சனிக், ஆன்டிமனி, ஈயம் கலந்து நொறுங்கும் தன்மையோடு இருந்தது. அங்கே வேலை பார்த்த ஜார்ஜ் ஆன்செல் விடவில்லை. அதையே பக்குவப்படுத்தி 1,67,539 காசுகள் அடித்துக் காட்டினார். ஒரு கோட்டுக்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பதால்தான் எனக்கு அந்தக் காசின் மேல் அத்தனை ஆசை.

1863 காசில் ராணியின் கழுத்து முடியும் விளிம்பையும் பாருங்கள். சிற்பி வில்லியம் வயனின் முதலெழுத்துகளுக்குப் பதில் 827 என்று இருந்தால் அது அபூர்வம். நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. 1841-உம் கிடைப்பது கஷ்டம்.

அப்புறம், புளியோ பூந்திக்கொட்டையோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மேல்பரப்பு போனால் சேகரிப்பவர் தரும் விலையும் போய்விடும். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்திருந்தாலும் அப்படித்தான், பெரும்பாலும் தங்கத்தின் விலைதான் கிடைக்கும்.

சரி, இரண்டிலும் என்ன வருடம், பின்பக்கம் கேடயமா, குதிரைமேல் வீரனா என்று எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.