விண்வெளியில் ஒரு காந்தம்: ஏஎம்எஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு

கேள்வி: சார், விண்வெளியிலிருந்து பாய்ந்துவரும் துகள்களான அண்டக்கதிர்களைத் தரையிலேயே அளக்கலாமே? அவற்றை அளக்கும் ஏஎம்எஸ் கருவியை ஏன் விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்?

பதில்: தரைக்கு வருவது மூலக்கதிர் இல்லை. காற்றிலுள்ள அணுக்கருக்களில் மோதி அது சிதறிவிடும். நமக்குக் கிடைப்பது அந்தச் சிதறலில் பிறந்த துகள் மழை. வந்தது எலக்ட்ரானா, அதன் நேர்மின் இணையான பாசிட்ரானா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

கேள்வி: ஏஎம்எஸ் மட்டும் எப்படிச் சொல்கிறது?

பதில்: காந்தத்தால். நேர்மின் துகள் ஒரு பக்கம் வளையும், எதிர்மின் துகள் மறுபக்கம். ஒன்பது சிலிக்கான் அடுக்குகள் அந்த வளைவைக் குறித்துக்கொள்கின்றன. ஆனால் புரோட்டானும் நேர்மின் துகள்தான். ஒரு பாசிட்ரானுக்கு ஆயிரக்கணக்கில் வந்து குவியும். அதனால் ஈய அடுக்குகளில் துகள் எப்படிச் சிதறுகிறது என்றும் பார்த்தாக வேண்டும்: பாசிட்ரான் ஒரே சீராகப் பொழியும், புரோட்டான் தாறுமாறாகச் சிதறும்.

முதலில் மீக்கடத்திக் காந்தம் (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் இயங்கும் வலுவான மின்காந்தம்) வைக்கத்தான் திட்டம். அதைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும் என்பதால், 2010இல் திட்டத்தின் தலைவர் சாமுவேல் டிங்கின் குழு, குளிர்விக்கத் தேவையில்லாத நிலைக்காந்தத்துக்கு மாறியது. காந்தப்புலம் வலுக் குறைவுதான். ஆனாலும் 2011 மே மாதம் விண்வெளி நிலையத்தில் பொருத்திய கருவி பத்தாண்டைத் தாண்டியும் தரவு தந்தது. என்னைக் கேட்டால், அதுவே சரியான முடிவு.

கேள்வி: நடுவில் பழுதானதாமே?

பதில்: குளிரூட்டும் பம்புகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. அங்கே போய்ப் பழுதுபார்ப்பதற்கென்று வடிவமைத்த கருவியே இல்லை அது. 2019 நவம்பர் முதல் 2020 ஜனவரி வரை விண்வெளி வீரர்கள் லூக்கா பார்மிடானோவும் ஆண்ட்ரூ மோர்கனும் நான்கு முறை வெளியே போனார்கள். தடித்த கையுறையோடு மெல்லிய எஃகுக் குழாய்களை வெட்டி, புதிய பம்புத் தொகுதியோடு இணைத்தார்கள். கடைசி நாளில் ஓர் இணைப்பில் கசிவு தெரிந்தது. மறுபடி இறுக்கினார்கள், நின்றது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

கேள்வி: கரும்பொருள் அகப்பட்டதா, இல்லையா?

பதில்: இல்லை. கரும்பொருள் என்பது ஒளி விடாத, ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் பொருள். அதன் துகள்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால் மிஞ்சும் பாசிட்ரான் போன்ற எச்சத்தைத்தான் ஏஎம்எஸ் தேடுகிறது. பாசிட்ரான்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். 2006இல் செயற்கைக்கோளில் ஏவிய பமேலா என்ற கருவியே அதை முதலில் தெளிவாகக் காட்டியது. ஏறத்தாழ 300 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுக்கு மேல் அவை சரிகின்றன என்று ஏஎம்எஸ் காட்டியது. கரும்பொருளிலிருந்து வந்தால் அப்படிச் சரியலாம். அருகிலுள்ள பல்சார்களிலிருந்து, அதாவது வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்களிலிருந்து, வந்தாலும் சரியலாம். என் மனம் பல்சார் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. புரோட்டானின் எதிர்மின் இணையான எதிர்ப்புரோட்டான்களும் உயர் ஆற்றலில் ஏறக்குறைய பாசிட்ரான்களைப் போலவே குறைகின்றன. பல்சாரிலோ எதிர்ப்புரோட்டான் உருவாக வழியில்லை.

கேள்வி: சீனாவின் டாம்பே செயற்கைக்கோள் ஏஎம்எஸ்ஸைவிட மேலா?

பதில்: அதில் காந்தம் கிடையாது, எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் சேர்த்தேதான் எண்ணும். ஆற்றலை அளப்பதில் கெட்டி.